ஃபுளோரினா, நைட்ரோவா: எதன் இழுப்பு பெரிது?

சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாண்டு படிக்கும் என் அண்ணன் மகள் சனிக்கிழமைகளில் தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வேதியியல் சந்தேகங்களோடு வருவாள். போன வாரம் வந்ததும் வராததுமாக நோட்டைத் திறந்து வைத்தாள். “அத்தே, நைட்ரஜனோட கவர்தன்மை 3.04தான், ஃபுளோரினுக்கு 3.98. அப்புறம் எப்படி எலக்ட்ரானை இழுக்கற தொகுதிகள் வரிசைல நைட்ரோ முதல்ல வருது?”

நல்ல கேள்வி. கவர்தன்மை என்பது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்; அதன் அட்டவணை தனி அணுவைப் பற்றித்தான் பேசுகிறது. நைட்ரோ (NO₂) போன்ற தொகுதிகளை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒட்டும் அணுக்களை, ஒப்பிட எனக்குப் பிடித்த அளவுகோல் அசிட்டிக் அமிலம். அதன் மெத்திலில் (CH₃) ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அங்கே தொகுதியைப் பொருத்திப் பார்க்கலாம். தொகுதி எவ்வளவு இழுக்கிறதோ, புரோட்டான் போனபின் எஞ்சும் எதிர்மின் சுமை அவ்வளவு தணியும், பிகேஏ (அமில வலிமையின் அளவு, குறையக் குறைய வலிமை கூடும்) இறங்கும். நடுவில் மெத்திலீன் (CH₂) நிற்பதால் உடனிசைவு, அதாவது எலக்ட்ரான்கள் அடுத்தடுத்த பிணைப்புகளில் பரவுவது, குறுக்கே வராது. (வெளி வழியாக எட்டும் புல விளைவும் இந்த எண்களில் கலந்திருக்கிறது, அதைத் தனியே பிரிப்பது கடினம்.)

அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. ஃபுளோரோ அசிட்டிக் அமிலத்துக்கு 2.59, அதாவது சுமார் 150 மடங்கு வலிமை. சயனோ (CN) 2.47 என ஒரு மயிரிழை முந்துகிறது. நைட்ரோவோ 1.68க்கு இறங்கி, ஃபுளோரினையே ஏறக்குறைய 8 மடங்கு விஞ்சுகிறது. காரணம், நைட்ரோவில் உள்ள நைட்ரஜன் சாதாரண நைட்ரஜன் அல்ல. இரண்டு ஆக்சிஜன்களுக்குக் கொடுத்துக் கொடுத்து நேர்மின் சுமையோடு நிற்கிறது. கையில் இல்லாதவன் பக்கத்து வீட்டில் கேட்பதுபோல, அது கார்பனிடம் இழுக்கிறது. சயனோவிலும் இதே கதைதான்: மும்மைப் பிணைப்பில் நைட்ரஜனிடம் எலக்ட்ரானைப் பறிகொடுத்த கார்பன், அடுத்த கார்பனிடம் கைநீட்டுகிறது.

குளோரின் 2.86, புரோமின் 2.90, அயோடின் 3.18. இங்கே ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் ஆக்சிஜனைப் பாருங்கள். கவர்தன்மை 3.44 இருந்தும் மெத்தாக்சி (OCH₃) 3.57, ஹைட்ராக்சி (OH) 3.83. கவர்தன்மை வெறும் 2.66 உள்ள அயோடினுக்கும் பின்னால்! ஆக்சிஜனுக்கு மறுபக்கத்தில் ஒரு ஹைட்ரஜனோ மெத்திலோ இருக்கிறது. அதனிடமிருந்தும் இழுத்துக்கொள்வதால் இந்தப் பக்கத்து இழுப்பு குறைகிறது. அட்டவணையை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எண்ணிக்கை கூடினால் இழுப்பும் கூடும்: டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் 0.66. தூரம் கூடினால் மளமளவென்று தேயும். பியூட்டனாயிக் அமிலம் 4.82, குளோரின் இரண்டாம் கார்பனில் இருந்தால் 2.86, மூன்றாவதில் 4.05, நான்காவதில் 4.52.

கிளம்பும்போது அவள் பென்சாயிக் அமிலத்துக்கும் இதே வரிசையை எழுதப் போனாள். அங்கேதான் தடுத்தேன். பென்சாயிக் 4.20, மெத்தாக்சியை வளையத்தின் மெட்டா இடத்தில் (அமிலத் தொகுதியிலிருந்து ஒரு கார்பன் தள்ளி) வைத்தால் 4.09, பாரா இடத்தில் (நேர் எதிரே) வைத்தால் 4.47. மெட்டாவில் இழுக்கும் அதே தொகுதி, பாராவில் வளையத்தின் வழியே உடனிசைவால் எலக்ட்ரானைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் இழுப்பை மிஞ்சிவிடுகிறது. மூன்று எண்களையும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பாராவுக்கான அம்புக்குறிகளை அவளே வரைந்து முடித்தாள்.