லாங்-ஈஸியில் சாமான் அறை: உள்மூடியா, வெளிக்கதவா?

பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி என்ற சிறு விமானம் 1979-ல் முதன்முதலாகப் பறந்தது. கண்ணாடி இழைத் துணி, ஃபோம், எபாக்ஸிப் பசை இருந்தால், வரைபடத்தைப் பார்த்து வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிவிடலாம். முன்பின்னாக இரண்டு பேர் உட்காரலாம், ஒரே மூச்சில் வெகுதூரம் போகலாம். ஆனால் ஜூலையில் அமெரிக்காவின் ஓஷ்காஷ் விமான விழாவுக்குக் கிளம்பும்போதுதான் இடப்பஞ்சம் தெரியும். கூடாரம், படுக்கைப் பை, மாற்றுத்துணி, கருவிப்பை, எஞ்சின் ஆயில் எல்லாவற்றையும் எங்கே திணிப்பது? அதனால்தான் கட்டுபவர்கள் பலர் தாழ்ப்பாள் போட்ட அறைகளைத் தாங்களாகவே சேர்க்கிறார்கள்.

அதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது ஸ்ட்ரேக், அதாவது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்னோக்கி நீளும் தடித்த தோள். அதன் உள்ளே இருக்கும் பொந்துக்கு, உட்காரும் பக்கத்திலிருந்து திறக்கும் மூடி போடலாம். இரண்டாவது மூக்குப் பகுதி, அங்கே வெளியிலிருந்து திறக்கும் கதவு வைக்கலாம். மூன்றாவது, இறக்கைக்கு அடியில் தொங்கவிடும் சாமான் கூடு.

எது நல்லது என்று கேட்டால் நான் முதலில் புரொப்பெல்லரைத்தான் பார்ப்பேன். லாங்-ஈஸியில் அது பின்னால் இருக்கிறது. முன்னால் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஒரு மூடி பிய்ந்து போனால் வாலில் இடிக்கலாம், இடிக்காமலும் போகலாம். இதிலோ உடலின் முன்பகுதியிலிருந்து கழன்றது எதுவானாலும் காற்றோடு பின்னால் போய்ச் சுழலும் பிளேடில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. பிளேடின் நுனி உடைந்தால் சமநிலை கெட்டு, அந்த அதிர்வே எஞ்சினைத் தாங்கியிலிருந்து பிடுங்கப் பார்க்கும். கூடாரம் வைக்க இடம் தேடி எஞ்சினை இழக்க யாருக்கும் மனம் வராது.

வெளிக்கதவை எவ்வளவு விசை இழுக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். கடல்மட்டக் காற்றில் 160 நாட் (மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்) வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 420 கிலோ எடை. உடலின் வளைந்த தோலில் அதில் மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சலாக வெளியே இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 30-க்கு 40 சென்டிமீட்டர் கதவின் மேல் அது 17 கிலோ. வேகம் கூடக்கூட இது வர்க்கமாக ஏறும். நல்ல தாழ்ப்பாள் இதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்க வேண்டும். பாதி விழுந்த தாழைத் தரையில் கண்டுபிடிப்பது கடினம்.

இதே குடும்பத்து விமானங்களில் உட்காருபவர் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மேல்மூடி சரியாகப் பூட்டாமல் பறப்பில் திறந்துகொண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. பிரதான தாழ் தவறினாலும் மூடியைப் பிடித்து நிறுத்தும் இரண்டாம் கொக்கி அதற்குப் பிறகே கட்டாயமாகக் கருதப்பட்டது. மூக்குக் கதவு வைப்பவர்களும் அதையே பின்பற்ற வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு தாழ் வேண்டும், கீல் கதவின் முன்விளிம்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் தாழ் விட்டாலும் எதிர்க்காற்று கதவை மூடிய பக்கமே தள்ளும். பின்விளிம்பில் கீல் வைத்தால் காற்று உள்ளே புகுந்து கதவை விரித்துப் பிய்த்துவிடும்.

மூக்கு அறைக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. லாங்-ஈஸியில் ஓட்டுபவர் எடைமையத்துக்கு, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளிக்கு, வெகு முன்னால் உட்காருகிறார். அவர் ஒல்லியாக இருந்தால் எடைமையம் பின்னால் நகரும். இதைப்போல மூக்கருகே சிறிய முன்னிறக்கை வைத்த விமானத்தில் அது மோசமான சங்கதி: முன்னிறக்கை முதலில் தூக்குவிசை இழந்து மூக்கைத் தாழ்த்தும் பாதுகாப்பே கைவிட்டுப் போகலாம். அதனால் மெலிந்தவர்கள் மூக்கில் ஈயக்கட்டி வைக்கிறார்கள். ஈயத்துக்குப் பதில் கருவிப்பையை அங்கே நிரந்தரமாகக் கட்டிவைத்தால் எடை வீணாகாது. பருத்த உடம்புக்காரருக்கு இது பொருந்தாது. மூக்குக் கனத்தால் ஓடுபாதையில் எழும்பும் வேகமும் இறங்கும் வேகமும் கூடும்.

ஸ்ட்ரேக் பொந்து எடைமையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நிறைந்தாலும் காலியானாலும் சமநிலை பெரிதாக ஆடாது. திடீரென வேகம் தடைபட்டாலும் சாமானைப் பொந்தின் முன்சுவர்தான் தாங்கும், மூடியின் மேல் அந்தப் பாரம் விழாது. மூடி செய்ய வேண்டியது ஒன்றுதான்: காற்றுக் குலுக்கலில் பை வெளியே உருண்டு வராமல் காப்பது. வலதுபக்கத்தில் இது முக்கியம், ஏனென்றால் கட்டுப்பாட்டுக் குச்சியும் அதன் தண்டும் அந்தப் பக்கமே ஓடுகின்றன. ஒரு டார்ச் அங்கே சிக்கினால் போதும், குச்சி அசையாது.

உள்மூடிக்கு எந்தத் தாழ்? காந்தம் வேண்டாம். மலிவு, சத்தமில்லை, ஆனால் திசைகாட்டியையும் அதன் மின்னணு உணரியையும் குழப்பும். அந்த உணரியை ஸ்ட்ரேக்கிலேயே பொருத்தியவர்களும் உண்டு. அலமாரிச் சாவிப்பூட்டு திருட்டுக்குச் சரி, குலுக்கலில் நாக்கு தளரும். கால்வட்டம் திருப்பிப் பூட்டும் கேம்லாக் உறுதியானது, பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் பறக்கும்போது ஒரு கையால் நான்கைத் திருப்புவது தொல்லை. விரலால் அழுத்தினால் எழும்பும் ஹார்ட்வெல் வகைத் தாழ்தான் என் தேர்வு: மேற்பரப்போடு சமமாக இருக்கும், சட்டை மாட்டாது. விலை அதிகம், அது மட்டுமே குறை. மூக்குக் கதவுக்கோ கேம்லாக்கே மேல், அதைப் பறப்பில் திறக்கத் தேவையில்லை.

தாழ் எதுவானாலும் வெறும் ஃபோமில் திருகு நிற்காது. விளிம்பில் ஃபோமைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸியில் குழைத்த பருத்தி இழையை நிரப்பி, இறுகிய பின் துளையிட வேண்டும். ஸ்ட்ரேக்கில் துளையிடும் முன் அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்சுவருக்கு மறுபக்கம் பெட்ரோல்.

தொங்கு கூடு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இடம் தாராளம், உடலில் ஓட்டை வெட்ட வேண்டாம், தேவையில்லாத நாளில் கழற்றி வைக்கலாம். காற்றின் இழுவை கூடி வேகம் குறையும். இறக்கையில் தாங்குபுள்ளி முன்பே கட்டியிருக்க வேண்டும். புரொப்பெல்லர் வட்டத்துக்கு வெளியே மாட்டினால் கூட்டின் மூடி பறந்தாலும் பிளேடு தப்பும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடாரம் தூக்குபவருக்கு மூக்கை வெட்டுவதைவிட இதுவே மேல்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ரேக் உள்மூடிதான். இரு பக்கமும் மூடி போட்ட பின் விமானத்தை மறுபடி தராசில் ஏற்றி, எடைமையக் கணக்கைப் புதிதாக எழுதி, முதல் பறப்புக்கு அறைகளைக் காலியாகவே விட்டுப் போங்கள். இரண்டாவது பறப்பில் பழைய துணியை மட்டும் அடைத்து, தரை இறங்கியதும் ஒவ்வொரு தாழும் விழுந்த இடத்திலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.