கெய்சர் ஆனோடு மாற்றியதாகப் பில் போட்டு ஜிஐ கம்பியைச் செருகுகிறார்கள்: டர்பன்காரர்கள் கவனிக்கவும்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில், 150 லிட்டர் கெய்சருக்கு மக்னீசியம் ஆனோடு (தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் கம்பி) மாற்றியதாகச் சொல்லி ஒரு பிளம்பர் பணம் வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சுடுதண்ணீர் பழுப்பாக வந்தது, பிறகு சீலிங்கில் ஈரம். “தண்ணி சரியில்ல அங்கிள், புதுசுதான் வாங்கணும்” என்றார் அதே ஆள். வேறொருவரை வைத்து எலிமென்ட் ஃபிளாஞ்சை (சூடாக்கும் எலிமென்ட் பொருத்திய மூடித் தட்டை) கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்தது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரை போட்ட ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு போய்த் துருவேறியிருந்தது, தடிமன் மட்டும் குறையவில்லை. வேலை செய்த ஆனோடு இளைத்து, குழிவிழுந்து, நடுவிலுள்ள இரும்புக் கம்பி எட்டிப் பார்க்கும்.

தொட்டியின் உள்பக்க எனாமலில் ஊசித்துளைகள் இருந்தே தீரும். அதே தண்ணீரில் செம்பு உறை போட்ட எலிமென்டும் பித்தளை இணைப்புகளும் தொட்டியோடு மின்தொடர்பில் இருக்கின்றன. பெரிய செம்புப் பரப்பு கேத்தோடு (அரிக்காமல் தப்பும் பக்கம்), துளையில் தெரியும் துளி இரும்பு ஆனோடு (கரையும் பக்கம்). அரிப்பு முழுவதும் அந்தத் துளியில் குவிந்து தகட்டைத் துளைத்துவிடும். எந்த உலோகம் முந்திக் கரையும் என்பதை நியம மின்னழுத்தம் காட்டும், எண் எவ்வளவு கீழேயோ அவ்வளவு முந்தி: மக்னீசியத்துக்கு −2.37 வோல்ட், இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34. மக்னீசியம் இருக்கும்வரை அதுதான் கரையும், இரும்பு தப்பிக்கும்.

ஜிஐ கம்பியிலும் துத்தநாகம் (−0.76) இருக்கிறதே என்று வாதாடுவார்கள். அந்தப் பூச்சு மயிரிழை கனம்கூட இல்லை. அதைவிட மோசம், சுமார் 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகமும் இரும்பும் இடம் மாறிவிடும். காக்க வேண்டியது கேத்தோடாகி இரும்பையே அரிக்கும். தெர்மோஸ்டாட்டை நாம் வைப்பதும் அந்த 60-ஐ ஒட்டித்தான்.

மாட்டுவதற்கு முன் கம்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். 2 செ.மீ. தடிமன், 40 செ.மீ. நீளமுள்ள மக்னீசியம் 220 கிராம் சுமாருக்கு இருக்கும். அதே அளவு இரும்பு ஒரு கிலோவை நெருங்கும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் கம்பியையும் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு போல்ட்டையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். மக்னீசியமானால் ஒரு வோல்ட்டை ஒட்டிக் காட்டும். புது ஜிஐ அரை வோல்ட்டுக்குள் நின்றுவிடும். வெறும் இரும்பு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்.

நல்ல ஆனோடையும் வீணாக்க வழியுண்டு. தனி நட்டாக மாட்டும் மாடல்களில் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் மின்தொடர்பு அறுந்துபோகலாம், அப்போது மக்னீசியம் சும்மா தொங்கும். தொட்டியில் தண்ணீர் நிரப்புவதற்கு முன் நட்டுக்கும் தொட்டி உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஃபிளாஞ்சில் இருக்கும் மாடலானால் கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். எதைத் தொடுவதற்கும் முன் டிபி போர்டில் (வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில்) கெய்சருக்கான ஐசொலேட்டரை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, பிளம்பர் அணைத்திருக்கிறாரா என்று நீங்களே பாருங்கள்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கம்பியைக் கேட்டு வாங்குங்கள், புதியதை மாட்டும் முன் படம் எடுங்கள். தொட்டிக்கு நீங்கள் கேரண்டி கேட்கும்போது, ஆனோடு பார்த்ததற்கான அத்தாட்சியைக் கம்பெனிக்காரர்கள் கேட்கலாம்.

ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டு வைத்துத் தருகிறேன் என்று இனி யாராவது வருவார்கள். அதற்கும் பணம் கொடுக்காதீர்கள். வெல்டு சூட்டில் சுற்றிலும் எனாமல் வெடித்து உதிர்ந்து, ஒரு துளை இருந்த இடத்தில் கையகலத்துக்கு வெற்று இரும்பு தண்ணீரில் நிற்கும்.