அம்பாசிடரா, பத்மினியா, ஹெரால்டா? பழைய காரின் விலையும் பாகத்தின் விலையும்

2012-இல் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள ஒரு சந்தில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கதவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் மாருதி, டாட்டா வண்டிகளின் கதவுகள். அவற்றுக்குப் பின்னால் இருந்த ஒன்று மட்டும் மெலிந்து, குட்டையாக இருந்தது. வெளிர்நீலப் பெயின்ட், கீழ் விளிம்பில் துரு, கண்ணாடி உடையாமல் உள்ளே இறங்கி நின்றது. நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்கதவு. கடைக்காரருக்கு அது எந்த வண்டியுடையது என்று தெரியவில்லை. தராசில் ஏற்றிப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். சென்ற ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்து அந்தக் கதவுக்கு ஒரு தொகை சொன்னார். 2012-இல் அந்தத் தொகைக்கு ஓடுகிற ஹெரால்டு ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

பழைய கார்களின் சந்தை எப்படி நகர்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கதவுதான். முதலில் ஏறுவது பாகத்தின் விலை. வண்டியின் விலை அதன் பின்னால் மெதுவாக வருகிறது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஹெரால்டு ஆகிய மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவதும் பாகங்களைப் பற்றித்தான்.

அம்பாசிடரை முதலில் பார்ப்போம். வங்காளத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 மே மாதம் வரை ஒரே பெயரில் வந்த வண்டி. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் போன்றவற்றுக்கு இன்றும் அலைய வேண்டியதில்லை. கிராமத்து மெக்கானிக்குக்கும் அந்த இன்ஜின் தெரியும். லேத் பட்டறையில் போரிங் போட்டுக் கொடுப்பவருக்கும் அதன் அளவு மனப்பாடம். கொல்கத்தாவில் பதினைந்து ஆண்டு கடந்த மஞ்சள் டாக்சிகள் சாலையை விட்டு இறங்கியபோது கியர்பாக்ஸ், ஆக்ஸில், கதவு என்று பாகங்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன.

ஆகவே அம்பாசிடரில் இன்ஜினைச் சரிசெய்வது மலிவு. விலை ஏறிக்கிடப்பது முகத்தில்தான். 1962-இல் வந்த மார்க் 2 என்ற வடிவத்தின் நெருங்கிய சதுரக் கட்டங்கள் கொண்ட கிரில், அதன் முத்திரை, அந்தக் காலத்து டாஷ்போர்டு, கனமான ஸ்டீல் பம்பர் ஆகியவை முழுதாக இருக்கும் வண்டிக்கு ஒரு விலை. 1980, 90-களின் வண்டிக்கு வேறொரு விலை. இரண்டும் ஒரே சந்தையில் விற்கும் பொருள்கள் என்றே சொல்ல முடியாத அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஏமாற்றும் நடக்கிறது. பிந்தைய வண்டிக்குப் பழைய கிரிலை மாட்டி, இரட்டை வண்ணம் அடித்து, மார்க் 2 என்று காட்டுவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் தெளிவாக இல்லை, தேய்ந்திருக்கிறது, பிறகு காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1980, 90-களில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றுவது பெரிய புத்திசாலித்தனமாகக் கருதப்பட்டது. அப்படி மாற்றிய வண்டி கூடுதல் விலைக்குப் போனது. இன்று நிலைமை தலைகீழ். டீசல் ஏற்றிய பழைய வண்டியைப் பார்க்க வரும் ஆர்வலர், "பழைய இன்ஜின் எங்கே?" என்று கேட்கிறார். அது காயலான் கடைக்குப் போய்விட்டது என்றால், விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்கிறார். ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைத் தரைக்கு மாற்றிய பத்மினிக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் வசதி என்று பணம் கொடுத்துச் செய்த மாற்றத்தை, இன்று பணம் கொடுத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறோம்.

பத்மினியை நான் பத்தாண்டு வைத்திருந்தேன். அதனால் அதைப் பற்றி நடுநிலையாக எழுதுவது எனக்குக் கடினம். இத்தாலியில் 1962 முதல் 1966 வரை வந்த ஃபியட் 1100 டி-தான் அது. பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் டிலைட் என்ற பெயரில் அதைத் தொடங்கியது, பிறகு பிரசிடென்ட், 1974 முதல் பத்மினி. 2000-ஆம் ஆண்டையும் தொட்டு நின்றது அந்தத் தயாரிப்பு. 1089 சிசி இன்ஜின், இலகுவான உடல், குறுகிய தெருவிலும் திரும்பும் சுபாவம். சென்னைப் போக்குவரத்தில் தினமும் ஓட்டக்கூடிய பழைய கார் மூன்றில் இதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கிளட்ச் மிதிக்கக் கால் வலிக்காது. ஸ்டியரிங் தண்டின் கியர், புஷ் தேயாமல் இருந்தால், வெண்ணெயில் கத்தி போல இறங்கும்.

பத்மினியின் பாக விலையைப் புரிந்துகொள்ள மும்பை டாக்சிகளைப் பார்க்க வேண்டும். அங்கே டாக்சிகளுக்கு வயது வரம்பு வந்தபின், கறுப்பு மஞ்சள் பத்மினிகள் ஆயிரக்கணக்கில் உடைக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் கதவு, போனெட், கார்புரேட்டர், டிஃபரன்ஷியல் எல்லாம் கொட்டிக்கிடந்தன. நான் 2009-இல் என் பத்மினியை வாங்கியபோது டிக்கிக் கதவு ஒன்றைப் பேரம் பேசாமலே சொற்பக் காசுக்கு எடுத்துவந்தேன். பதிவில் இருந்த கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியோடு மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றது. ஊற்று வற்றிவிட்டது. வரத்து நின்ற பிறகு கையிருப்பில் உள்ள நல்ல பாகத்தை யாரும் அவசரப்பட்டு விற்பதில்லை. டாக்சிப் பாகங்கள் உழைத்துத் தேய்ந்தவை என்பதால், தனியார் வண்டியிலிருந்து வந்த துருப்பிடிக்காத கதவுக்கும் ஃபெண்டருக்கும் மதிப்பு மேலும் கூடியிருக்கிறது.

பத்மினி வாங்கப் போகிறவர் பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் எல்லாவற்றிலும் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். புட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் கை சட்டென்று லேசாகிவிடும். பிறகு முன்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கிக் கட்டைவிரலால் தகட்டை அழுத்துங்கள். என் வண்டியில் அழுத்தியபோது விரல் நுனிக்குக் கீழே தகடு அப்பளம் போல நொறுங்கி, ஓட்டையின் வழியே கீழே சிமெண்ட் தரை தெரிந்தது. வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு டிங்கரிங்குக்கும் பெயின்டிங்குக்கும் போனது அதனால்தான். பத்தாண்டு கழித்து விற்றபோது போட்ட பணம் திரும்பியது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பழைய கார் முதலீடு என்று சொல்பவர்கள் டிங்கரிங் கணக்கைச் சேர்ப்பதில்லை.

முலாம் பூசக் கொடுத்த பம்பர் இன்னும் வலிக்கிறது. கொடுத்தது அசல், தட்டினால் மணி போல ஒலிக்கும் தடித்த தகடு. மூன்று வாரம் கழித்துப் பளபளவென்று திரும்பி வந்தது மெல்லிய போலி. கடைக்காரர் அதுதான் என்னுடையது என்று சாதித்தார். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் உட்புறத்தில் ஆணியால் கீறி அடையாளம் வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். அசல் பாகத்துக்கும் புதிதாக அடித்த பாகத்துக்கும் இடையே விலை வித்தியாசம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

இனி ஹெரால்டு. இது நம் ஊர் வண்டி. சென்னைப் புறநகர் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு வந்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவம் தந்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இன்ஜின் 948 சிசி. 1960-களின் பிற்பகுதியில் இங்கேயே நான்கு கதவு வடிவத்தை உருவாக்கினார்கள். பிரிட்டனில்கூட அப்படி ஒரு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததில்லை. அதையடுத்து 1972 முதல் 1977 வரை அதன் மாறிய வடிவமான கெஸல். 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 வந்து, அதோடு அந்த நிறுவனத்தின் கார் கதை முடிந்தது. ஆலை இருந்த இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது.

ஹெரால்டின் போனெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஃபெண்டர், ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து எழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றலாம். தனிச் சேஸிஸின் மேல் உடலைப் போல்ட் போட்டு இணைத்த வண்டி என்பதால் பகுதி பகுதியாகப் பிரித்துச் சீரமைக்கவும் முடியும்.

பாகங்களைப் பொறுத்தவரை ஹெரால்டு விசித்திரமானது. மூன்றில் மிகக் குறைவாகக் கண்ணில் படும் வண்டி இதுதான். ஆனால் இதன் முன் சஸ்பென்ஷன் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. காரணம், அதே அமைப்பை டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரும் 1980 வரை பயன்படுத்தியது; அந்தக் காருக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் கட்டினால், முன்சக்கரம் திரும்ப உதவும் மூட்டான டிரன்னியன் வீட்டுக்கே வந்துவிடும். (டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், கியர் ஆயில் விட வேண்டும். இதைத் தெரியாமல் முன்சக்கரம் மடங்கிய வண்டிகள் பல.) ஆனால் நான்கு கதவு வண்டியின் பின்கதவு, அதன் கண்ணாடி, கெஸலின் கிரில் போன்றவை பெருங்களத்தூரில் மட்டுமே பிறந்தவை. உலகில் வேறெங்கும் கிடைக்காது. இரண்டு கதவு ஹெரால்டுக்கு இங்கிலாந்து கைகொடுக்கும். நான்கு கதவுக்கும் கெஸலுக்கும் இன்னொரு ஹெரால்டோ கெஸலோ உயிரைக் கொடுத்தால்தான் உண்டு.

இங்கேதான் எனக்குக் கவலை. முழு வண்டியின் விலையைவிடப் பிரித்துப்போட்ட பாகங்களின் கூட்டுத்தொகை அதிகமாகும்போது, வண்டியை உடைப்பது லாபம். நான்கு கதவு ஹெரால்டு இன்று அந்தக் கட்டத்தில் நிற்கிறது. பாகம் கிடைக்காது என்று வாங்குபவர் தயங்குவதால் வண்டியின் விலை ஏறவில்லை. பாகமோ ஏறிக்கொண்டே போகிறது. ஓடக்கூடிய ஒரு வண்டியைக் கதவுக்காகவும் கண்ணாடிக்காகவும் உடைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் முழு வண்டிகள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தபின் அவற்றின் விலை தானாக உயரும். ஆனால் அதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய வண்டிகள் காயலான் கடையில் முடிந்திருக்கும். ஆகவே துணிந்து சொல்கிறேன்: எல்லாப் பாகங்களும் பொருத்தியபடி இருக்கும் நான்கு கதவு ஹெரால்டு கிடைத்தால், இன்ஜின் ஓடாவிட்டாலும், சொல்கிற விலையைக் கொடுத்து வாங்குங்கள். இன்ஜினை மீட்கலாம். பின்கதவை மீட்க முடியாது.

ஆவணங்களும் விலையை மாற்றியிருக்கின்றன. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. ஹெரால்டுகள் எல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. மார்க் 2 அம்பாசிடர்களும் அப்படியே. பத்மினிகளில் முதல் சில ஆண்டுகளின் வண்டிகள்தான் தாண்டுகின்றன. அதனால் 1974-இன் பத்மினிக்கும் 1984-இன் பத்மினிக்கும் முன்பு இல்லாத இடைவெளி உருவாகிறது. தினமும் ஓட்ட விரும்புபவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. ஆர்.சி. காலாவதியான வண்டியை மலிவு என்று வாங்கி, பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைவிட, காகிதம் சரியான வண்டிக்குக் கூடக் கொடுப்பதே நல்லது. மூன்று எழுத்துகளில் தொடங்கும் பழைய பதிவெண் தொடர்ந்து வந்திருந்தால் அதற்கென்று தனி மதிப்பும் உண்டு.

எத்தனால் கலந்த பெட்ரோலும் பாகச் சந்தையைத் தொட்டுவிட்டது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பெட்டியில் முப்பது ஆண்டு கிடந்த அசல் டயாஃப்ரத்தை யாராவது பெருமையோடு கூடுதல் விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். ரப்பர் விஷயத்தில் மட்டும் புதியதே மேல்.

தினமும் ஓட்ட, ஞாயிற்றுக்கிழமை கை அழுக்காக்கிக்கொள்ள பத்மினி. குடும்பத்தோடு மதுரை வரை போய்வர, எந்த ஊரில் நின்றாலும் மெக்கானிக் கிடைக்க அம்பாசிடர். மார்க் 2-ஐத் தேடி அலைய வேண்டாம். நல்ல மார்க் 4 ஒன்று பாதிச் செலவில் அதே பயணத்தைக் கொடுக்கும். பொறுமையும் இடமும் உள்ளவர் ஹெரால்டை எடுக்கட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் மறுபடி அழைத்தார். முதலில் சொன்னதைவிடக் கூட்டித்தான் கேட்டார். அவர் வண்டியில் எந்தப் பக்கத்துக் கதவு போயிருக்கிறது என்று கேட்டேன். வலப்பக்கம் என்றார். அவருடையது முழு வண்டி. லாரி இடித்துக் கதவு மட்டும் நசுங்கியிருக்கிறது. என்னிடம் உள்ளதும் வலப்பக்கக் கதவுதான். அடுத்த மாதம் வண்டியோடு வருகிறார். அந்தத் தொகையை நான் வாங்கப் போவதில்லை. உபரியாக ஒரு முன்பக்கக் கண்ணாடி இருப்பதாகச் சொன்னார்; அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.