ஆர்ம் ஜிசிசியும் ஜிடிபியும்: பிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷன்களைப் பிழைதிருத்த எந்த அளவுக்கு உதவுகின்றன?

சிறு கருவிகளை இயக்கும் கார்டெக்ஸ்-எம் சிப்புகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவோர் பலரும் கையாளும் இலவசக் கருவித்தொகுப்பு ஆர்ம் ஜிசிசி. அதனுடன் வரும் ஜிடிபி, மற்றப் பிழைகளைத் தேடுவதில் தேர்ந்த டிபக்கர் (பிழைதிருத்தி). ஆனால் உரையையும் எண்களையும் அச்சிடும் பிரிண்ட்எஃப் போல, எத்தனை ஆர்குமென்ட்கள் (அனுப்பப்படும் மதிப்புகள்) வரும் என்று வரையறுக்கப்படாத ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் பாதி ஊமையாகிவிடுகிறது. பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) கேட்டால் பெயருள்ள ஆர்குமென்ட்களை மட்டுமே காட்டும். மற்றவற்றின் வகையும் எண்ணிக்கையும் டிபக் தகவலிலேயே இல்லாதபோது அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன்களின் மதிப்புகள் தங்கும் நினைவகப் பகுதியை, நாமே படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஜிடிபி நன்றாகவே ஒத்துழைக்கிறது. முதல் நான்கு 32 பிட் சொற்கள் ஆர்0 முதல் ஆர்3 வரையுள்ள ரெஜிஸ்டர்களில் வந்து, ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே ஸ்டாக்கில் ஏற்றப்படுகின்றன. சிப்பில் மிதவைப் புள்ளி அலகு இருந்தாலும் இவ்வகை ஃபங்ஷன்களுக்கு டபுள் எண்கள் (8 பைட் தசம எண்கள்) அதன் ரெஜிஸ்டர்களில் வருவதில்லை என்பதால், அங்கே தேடுவது வீண். ஃபார்மட் சரத்தையும் (எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் உரை) ஒரு டபுளையும் மட்டும் அனுப்பி, ஆர்குமென்ட்களைப் படிக்கத் தயார்செய்யும் விஏ_ஸ்டார்ட் முடிந்ததும் நிறுத்தி, அடுத்துப் படிக்க வேண்டிய இடத்தை நினைவில் வைக்கும் விஏ_லிஸ்டுக்குள் இருக்கும் சுட்டியின் முகவரியிலிருந்து மூன்று சொற்களைப் பார்த்தால், முதலாவது குப்பையாக இருக்கும். அது பிழையன்று: டபுள் 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்பதால் ஆர்1 தாண்டப்பட்டு, ஆர்2, ஆர்3 இரண்டும் அதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன.

கையால் எழுதிய ஷெட்யூலரில் (டாஸ்க்குகளை மாறிமாறி இயக்கும் நிரலில்) ஒரு டாஸ்க்கின் ஸ்டாக் 4 பைட் எல்லையில் மட்டும் அமைந்துவிட்டால், அடுத்த ஆர்குமென்ட்டை எடுத்துத் தரும் விஏ_ஆர்க், முகவரியை 8இன் மடங்காக உயர்த்தும்போது அந்தக் குப்பைச் சொல்லையே டபுளின் பாதியாக எடுத்துக்கொள்ளும். முழு எண்கள் ஒழுங்காக அச்சாக, தசம எண்கள் மட்டும் உளறும் விசித்திரத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நிறுத்தி ஸ்டாக் பாயின்டரைப் பாருங்கள். அதன் பதினாறடிமான முகவரி 0 அல்லது 8 என்று முடியாவிட்டால் காரணம் அதுவே.

உண்மையில் இத்தொகுப்பில் அதிகம் உழைப்பது டிபக்கர் அன்று, கம்பைலர்தான். நாம் எழுதும் லாக் ஃபங்ஷனுக்கு ஃபார்மட் ஆட்ரிபியூட்டைச் (பிரிண்ட்எஃப் போலவே சரிபார்க்கச் சொல்லும் குறிப்பைச்) சேர்த்தால், நேரடியாக எழுதிய ஃபார்மட் சரத்துக்கும் ஆர்குமென்ட்டுக்கும் உள்ள முரண்களைத் தொகுக்கும்போதே எச்சரித்துவிடுகிறது. இங்கே 32 பிட் முழு எண் வகையான இன்ட்32_டி, லாங் ஆக வரையறுக்கப்பட்டிருப்பதால் சில எச்சரிக்கைகள் வீண்தொல்லையாகத் தோன்றலாம். அவற்றை அணைத்துவிடாமல் அந்த வகைக்கு உரிய ஃபார்மட் குறியைத் தரும் மேக்ரோக்களைப் பயன்படுத்துவதே நல்லது.

பொறுத்துக்கொள்ள முடியாதது நியூலிப்-நானோ நூலகத்தின் மௌனம். இடத்தை மிச்சப்படுத்த மிதவை எண்களை அச்சிடும் பகுதியை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது. நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கருக்குத் தனிக் கொடி கொடுத்து அதை இழுத்துவர வேண்டும் என்பதை லிங்க்கரும் சொல்வதில்லை, கம்பைலரும் சொல்வதில்லை.