--ராப்பும் எல்ரிஓவும் ஒரே பில்டில்: எதை வைப்பது, எதை விடுவது?

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை அளந்து, முகத்துவாரம் வெட்ட வேண்டிய அளவை நெருங்கும்போது குறுஞ்செய்தி அனுப்புகிற சிறு கருவி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சி மொழி, ஜிசிசி கொம்பைலர், 64 கிலோபைட் ஃப்ளாஷ். வெள்ளம் பெரும்பாலும் மார்கழி, தையில் வரும். சோதனையோ வைகாசியிலும் ஓட வேண்டும். அதனால் சென்சரை வாசிக்கும் ஃபங்ஷனை மறித்துப் பொய் மட்டம் கொடுக்க, கொம்பைல் ஆன கோப்புகளை இணைத்து ஒரே நிரலாக்கும் லிங்கரின் --ராப் ஒப்ஷன். ஃப்ளாஷில் இடம் மிச்சம் பிடிக்க எல்ரிஓ (லிங்க் நேரத்தில் முழு நிரலையும் சேர்த்துப் பார்த்துச் செம்மையாக்கும் வசதி). இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. பொய் மட்டம் போய்ச் சேராததுதான் மிச்சம்.

--ராப்=மட்டம்_வாசி என்று கொடுத்தால் லிங்கர் செய்வது சின்ன வேலைதான். ஒப்ஜெக்ட் (.ஓ) கோப்புகளில் மட்டம்_வாசி என்ற பெயர், வரையறை அந்தக் கோப்பிலேயே இல்லாததால் தீர்க்கப்படாமல் நிற்கிற இடங்களை எல்லாம் __ராப்_மட்டம்_வாசி பக்கம் திருப்பிவிடும். __ரியல்_மட்டம்_வாசி என்று கேட்டால் அசலைக் கொடுக்கும். 'தீர்க்கப்படாமல் நிற்கிற' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அழைக்கிற ஃபங்ஷனும் அழைக்கப்படுகிற ஃபங்ஷனும் ஒரே .சி கோப்பில் இருந்தால் --ராப் அதைத் தொடாது. இது எல்ரிஓ வருவதற்கு முன்பே இருந்த விதி. குனு லிங்கரின் கையேட்டிலேயே இருக்கிறது.

எல்ரிஓ செய்வது என்னவென்றால், முழு நிரலையும் கிட்டத்தட்ட ஒரே கோப்பாக்கிவிடுகிறது. .ஓ கோப்புக்குள் இயந்திரக் கட்டளைகளுக்குப் பதிலாக ஜிசிசியின் இடைநிலை வடிவமான ஜிம்பிள் இருக்கும். லிங்க் நேரத்தில், லிங்கரோடு சேர்ந்து ஓடும் ஜிசிசியின் பிளகின் வழியாக அவை எல்லாம் கொம்பைலரிடம் திரும்பிப் போய் ஒன்றாகின்றன. மட்டம்_வாசி நாலு வரி ஃபங்ஷன் என்றால் அதன் உடல் அழைத்த இடத்திலேயே கரைந்துவிடும் (இன்லைன் என்பது இதைத்தான்). லிங்கர் திருப்பிவிட அங்கே பெயரே மிஞ்சாது. மடிக்கணினியில் ஓடும் சோதனையில் அசல் ஃபங்ஷன் 0 திருப்பினால், 'எச்சரிக்கை போகக் கூடாது' என்ற சோதனை பச்சையாகவே தெரியும்.

உடனே, இன்லைன் செய்யாதே என்று சொல்லும் நோஇன்லைன் அட்ரிபியூட்டைப் போடுவார்கள். அது பாதி மருந்துதான். கரைவது நிற்கும், ஆனால் வரையறையும் அழைப்பும் ஒரே வெளியீட்டுத் துண்டுக்குள் இருக்கும்வரை பெயர் அங்கேயே தீர்ந்துவிடுகிறது, --ராப்புக்கு வேலை இல்லை. ஜிசிசி 8இல் வந்த நோஐபிஏ (ஃபங்ஷன்களுக்கு இடையிலான எந்தச் செம்மையாக்கமும் வேண்டாம் என்பது) இன்னும் கடுமையானது, ஆனால் இந்த இடத்தில் அதற்கும் அதே குறை. நிரல் பெருத்து, எல்ரிஓ அதைப் பல துண்டுகளாகப் பிரிக்கும்போது அழைப்பு ஒரு துண்டிலும் வரையறை இன்னொன்றிலும் விழலாம். அப்போது திடீரென்று --ராப் வேலை செய்யும். சம்பந்தமே இல்லாத கோப்பு ஒன்றைச் சேர்த்ததும் சோதனை மாறுவது இதனால்தான். ஜிசிசிக்கு மாற்றான எல்எல்விஎம் தொகுப்பின் எல்எல்டி லிங்கர், ராப் செய்யப்பட்ட பெயர்களை இன்லைன் செய்ய வேண்டாமென்று எல்ரிஓவுக்குச் சொல்லிவிடும். குனு லிங்கரில் பதிப்புக்குப் பதிப்பு நடத்தை வேறுபடும் என்று எடுத்துக்கொண்டு பில்டை அமைப்பதே நல்லது.

--ராப்பை விட மனமில்லை என்றால்

மட்டம்_வாசி வரையறுக்கப்பட்ட கோப்பையும், __ராப்_ ஃபங்ஷன் உள்ள கோப்பையும் -எஃப்நோ-எல்ரிஓ போட்டுக் கொம்பைல் செய்யுங்கள். முதல் கோப்பு வெளியே நின்றால் அழைப்புகள் மறுபடி தீர்க்கப்படாத பெயர்களாக வரும். இரண்டாவதற்குக் காரணம் வேறு: __ராப்_ ஃபங்ஷனை யாரும் கூப்பிடுவது எல்ரிஓவின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் வேண்டாத சரக்கென்று எறிந்துவிடலாம். '__ராப்_மட்டம்_வாசி வரையறுக்கப்படவில்லை' என்று லிங்கர் கத்தினால் பெரும்பாலும் இதுதான். எறியாதே என்று சொல்லும் யூஸ்ட் அட்ரிபியூட் போட்டாலும் ஃபங்ஷன் நிற்கும். சீமேக் என்ற பில்ட் கருவியில் எல்ரிஓ முழு டார்கெட்டுக்கும் பொருந்துவது. ஆகவே இந்த ஒப்ஷனைக் கோப்பளவில் கொடுத்து, கட்டளை வரியில் அது -எஃப்எல்ரிஓவுக்குப் பின்னால் வருகிறதா என்று வெர்போஸ் பில்டில் பாருங்கள். பின்னால் வருவதுதான் செல்லும்.

சி நூலகத்தை மறிக்கும்போது கதை கொஞ்சம் மாறும். சிறு கருவிகளுக்கான நியூலிப் போன்ற சி நூலகங்கள் பொதுவாக எல்ரிஓ இல்லாத .ஏ கோப்பாகவே (.ஓ கோப்புகளின் கட்டு) வருகின்றன; நினைவகம் ஒதுக்கும் மாலொக்கின் வரையறை வெளியே இருப்பதால் --ராப்=மாலொக் நன்றாகவே பிடிக்கும். குழப்பம் கொம்பைலரிடமிருந்து வரும். வரி முடிவோடு அச்சிடும் எளிய பிரிண்ட்எஃபை ஜிசிசி புட்ஸ் ஆக மாற்றிவிடும். பிரிண்ட்எஃபை மட்டும் மறித்தவருக்கு அந்த வரி போய்ச் சேராது. மாலொக்கும் அதற்கடுத்த மெம்செட்டும் சேர்ந்து கலொக் ஆகலாம். பயன்படாத மாலொக்-ஃப்ரீ சோடி முழுவதுமாகவே மறையலாம். அவற்றுக்கு -எஃப்நோ-பில்டின்-பிரிண்ட்எஃப் போன்ற ஒப்ஷன்கள்தான் மருந்து. எல்ரிஓவை நிறுத்தியும் பயனில்லை. நியூலிப்பின் உள்ளே _மாலொக்_ஆர் என்ற பெயரில் நேரடியாகக் கூப்பிடும் இடங்களும் உண்டு. நினைவகக் கணக்குப் பார்ப்பவர்கள் அதையும் சேர்த்து மறிக்க வேண்டும்.

வீக் சிம்பல்

சொந்தக் குறிமுறைக்கு என் தெரிவு இதுதான். அசலை வீக் (வேறு வரையறை வந்தால் வழிவிடும் பெயர்) என்று குறித்துவிட்டு, சோதனைக் கோப்பில் அதே பெயரில் சாதாரண வரையறை எழுதினால் போதும். எந்த வரையறை வென்றது என்பதை லிங்கரே பிளகினிடம் சொல்வதால் எல்ரிஓவும் அதற்குக் கட்டுப்படும். மாற்றப்படக் கூடியது என்பதால் ஒரே கோப்புக்குள் இருந்தாலும் கொம்பைலர் அதைக் கரைக்காது. --ராப் தோற்கிற இடத்தில் இது நிற்கிறது. ஆனால் அசலைக் கூப்பிட வழியில்லை, __ரியல்_ போல எதுவும் கிடையாது. மாற்று வரையறை .ஏ கோப்புக்குள் இருந்தால் லிங்கர் அதை எடுக்கவே எடுக்காது. வீக் ஆனாலும் வரையறை ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறதே. .ஓ கோப்பாகவே கொடுங்கள், அல்லது .ஏ கோப்பை முழுதாக எடுக்கச் சொல்லும் --ஹோல்-ஆர்கைவ். பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டால் சத்தமில்லாமல் அசல் ஓடும்.

சுட்டி அட்டவணை

சென்சர் இரண்டு மூன்று வகை என்றால் ஃபங்ஷன் சுட்டிகளை ஒரு ஸ்ட்ரக்டில் வைப்பது நல்லது. 32 பிட் ஆர்ம் சில்லில் சுட்டிக்கு 4 பைட். வெளியீட்டு பில்டில் கொன்ஸ்ட் ஆக்கினால் ராமையும் தின்னாது; எல்ரிஓ அதை நேரடி அழைப்பாக்கிவிடவும் கூடும். ஒன்றே ஒன்று: கொன்ஸ்ட் என்று அறிவித்த அட்டவணையைச் சோதனையில் காஸ்ட் செய்து மாற்றி எழுதாதீர்கள். கொம்பைலர் பழைய மதிப்பையே முன்கூட்டிக் கணித்து வைத்திருக்கும், தப்பும் அதன் மேல் இல்லை.

மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். கொம்பைலரின் -டி (பெரிய எழுத்து) ஒப்ஷனால் பெயரையே மக்ரோவாக மாற்றினால் எல்ரிஓ ஒன்றும் செய்யாது, ஆனால் ரீட் போன்ற பொதுப் பெயரில் போட்டால் ஸ்ட்ரக்டின் உறுப்பும் சேர்ந்து பெயர் மாறும். ஒப்ஜெக்ட் கோப்பைத் திருத்தும் ஒப்ஜ்கொப்பியால் சிம்பலுக்குப் பெயர் மாற்றுவதை எல்ரிஓவோடு சேர்க்கவே வேண்டாம்: அது தொடுவது .ஓ கோப்பு வடிவமான ஈஎல்எஃப்பின் சிம்பல் அட்டவணையை, உள்ளே இருக்கும் ஜிம்பிளில் பழைய பெயர் அப்படியே இருக்கும்.

எல்ரிஓ தேவையா என்பதையும் ஒருமுறை கேளுங்கள். ராஸ்பெரி பை பிக்கோ பலகையில் 2 மெகாபைட் ஃப்ளாஷ் இருக்கிறது. அதன் எஸ்டிகேயும் (அதற்கான நிரலாக்கத் தொகுப்பு) பிரிண்ட்எஃப், மிதவைப்புள்ளிக் கணக்கு என்று பல இடங்களில் --ராப்பை நம்பியே நிற்கிறது. ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு அந்தப் பலகையை எடுப்பவர்கள் எல்ரிஓவை அணைத்து வைத்தால் இந்தத் தலையிடியே இல்லை.

எந்த வழியானாலும் பொய் ஃபங்ஷனுக்குள் ஓர் எண்ணியை வையுங்கள். சோதனை முடிவில் அது 0 என்றால் சோதனை விழ வேண்டும். --ராப் பில்டில், இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஒப்ஜ்டம்ப் -டி (சிறிய எழுத்து) ஓடவிட்டு, அழைக்கிற ஃபங்ஷனுக்குள் __ராப்_ பக்கம் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். நிரலில் உள்ள பெயர்களைக் காட்டும் என்எம் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது, கூப்பிடப்படாமலே உட்கார்ந்திருக்கலாம். .ஏ கோப்புகளை வெறும் ஏஆரால் கட்டாமல் ஜிசிசி-ஏஆரால் கட்டுங்கள். பிளகின் இல்லாத ஏஆரால் ஜிம்பிளுக்குள் இருக்கும் பெயர்களை அட்டவணைப்படுத்த முடியாது. அப்போது வரும் 'வரையறுக்கப்படவில்லை' பிழைக்கும் --ராப்புக்கும் சம்பந்தமில்லை.