மருத்துவமனையா, மென்பொருள் நிறுவனமா: கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸுக்கு வரும் மருத்துவர் எதை முதலில் எடுப்பது?

கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்பது சிகிச்சைக்கான கணினி மென்பொருளை மருத்துவர் பார்வையில் அமைத்துச் சீராக்கும் துறை. அதற்கு எந்தப் பட்டம் படிக்கலாம் என்று தேடுவதற்கு முன், எங்கே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. மருத்துவமனைக்குள் இருந்து, வாங்கிய மென்பொருளை வார்டு வேலைக்குப் பொருத்துவது ஒரு வழி. அந்த மென்பொருளை உருவாக்கும் நிறுவனத்தில் சேர்வது இன்னொரு வழி. பதவிப் பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் அன்றாடம் கையில் எடுக்கும் வேலை வெவ்வேறு.

மருத்துவமனைப் பக்கத்தில் நேரம் போவது ஆர்டர் செட் (ஒரு நோய்க்கு எழுத வேண்டிய மருந்து, பரிசோதனைகளின் ஆயத்தப் பட்டியல்), அலர்ட் (மருத்துவருக்குத் திரையில் எழும் எச்சரிக்கை), டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றில்தான். புதிதாக ஓர் அலர்ட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் காட்டாமல் பின்னணியில் மட்டும் இரண்டு மூன்று வாரம் அதை ஓடவிட வேண்டும். எத்தனை முறை எழுகிறது என்று எண்ணி, ஐம்பது கேஸ் ஷீட்டாவது திறந்து படித்து, உண்மையில் தேவைப்பட்டவை எத்தனை என்று பார்க்க வேண்டும். பாதிகூடத் தேறவில்லை என்றால் விதியைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வெளியிட்டால் என்ன ஆகும் என்பது புதிதல்ல: மருந்துப் பாதுகாப்பு அலர்ட்டுகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள் என்று 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

அதைவிட ஆபத்தானது சத்தமில்லாமல் நின்றுபோகும் அலர்ட். அமியோடரோன் என்ற இதயத்துடிப்பு மருந்தை எடுப்பவருக்குத் தைராய்டு பரிசோதனையை நினைவூட்டும் விதி, பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் இப்படித்தான் செயலிழந்தது. மருந்தின் உள் குறியீடு மாறியது. விதி பழைய குறியீட்டையே தேடிக்கொண்டிருந்தது. அலர்ட் அதிகமானால் ஆயிரம் புகார் வரும், வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வோர் அலர்ட்டும் வாரத்துக்கு எத்தனை முறை எழுகிறது என்பதை வரைபடமாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த வேலையின் உயிர்நாடி. அதற்கு எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் கணினி மொழி) கட்டாயம் தெரிய வேண்டும். தரவுக் குழுவிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பவரால் இதைச் செய்ய முடியாது.

நிறுவனப் பக்கத்தில் வார்டு கண்ணில் படாது. திரையில் எந்த அலகு எங்கே தெரிய வேண்டும், முன்கூட்டியே நிரப்பி வைக்கும் மதிப்பு என்னவாக இருக்க வேண்டும், எந்த எச்சரிக்கையைத் தாண்டவே விடக் கூடாது என்பவைதான் அங்குள்ள கேள்விகள். ஒரு முடிவு தவறினால் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் தவறும். சரியாக இருந்தால் பலனும் அதே அளவுக்குப் பரவும். நிறுவன வேலையின் பெரிய கவர்ச்சி இதுதான்.

இரண்டு பக்கமும் எங்கே சந்திக்கின்றன என்பதற்கு 2013இல் கலிபோர்னியாவில் 16 வயதுப் பையனுக்கு நடந்தது நல்ல உதாரணம். எடை 40 கிலோவுக்குக் கீழ் என்றால் எடைக்கணக்கில்தான் டோஸ் எழுத வேண்டும் என்பது மருத்துவமனை வைத்த விதி. மருத்துவர் 160 மில்லிகிராம் என்று நினைத்து 160 என்று இட்டார். கணினி அதைக் கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் 38.5 மாத்திரை போயிற்று. எச்சரிக்கை வந்தது, ஆனால் சாதாரண எச்சரிக்கைகளோடு அதுவும் தள்ளிவிடப்பட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். விதியை வைத்தது மருத்துவமனை. அலகைக் கண்ணில் படும்படி காட்டுவதும், 38 மடங்கு டோஸுக்கும் சிறு மீறலுக்கும் வெவ்வேறு முகம் கொடுப்பதும் மென்பொருளை வடிவமைப்பவர் கையில். இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தாலே தடுத்திருக்கலாம்.

முதலில் மருத்துவமனை, அங்கே மூன்று நான்கு வருடம், பிறகு வேண்டுமானால் நிறுவனம் என்ற வரிசையைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம். இரவு டூட்டியில் ஆர்டர் போடும் கை எந்த இடத்தில் தடுமாறும் என்று தெரிந்தவரின் பேச்சுக்குத்தான் வடிவமைப்புக் கூட்டத்தில் எடை உண்டு. எதிர்த்திசையில் வருவது கடினம். நோயாளி பார்ப்பதை நிறுத்திச் சில வருடம் ஆகிவிட்டால், குறிப்பாக அறுவை சிகிச்சைத் துறையினருக்கு, கைப்பழக்கத்தை மீட்பது லேசல்ல. ஓபி மட்டும் பார்ப்பவருக்கு இழப்பு குறைவு.

பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: அமெரிக்காவில் கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் 2011இல் துணைச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டு, 2013இல் முதல் தேர்வு நடந்தது. ஃபெல்லோஷிப் இரண்டு வருடம். தலைமைப் பொறுப்புக்கு அது உதவும். நிறுவனங்கள் பெரும்பாலும் செய்து காட்டிய வேலையைத்தான் பார்க்கும். எச்எல்7, ஃபயர் என்ற தகவல் பரிமாற்றத் தரங்களையும், ஸ்னோமெட், லாயின்க் என்ற மருத்துவக் குறியீட்டு முறைகளையும் வேலையோடு கற்றுக்கொள்ளலாம்.

வேலையை ஏற்கும் முன் மருத்துவமனையிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: வாரத்தில் எத்தனை அரைநாள் இந்த வேலைக்கென ஒதுக்கப்படும், பதில் சொல்ல வேண்டியது மருத்துவ இயக்குநருக்கா ஐடி தலைவருக்கா, அறிக்கைத் தரவுத்தளத்தை நேரடியாகப் படிக்க அனுமதி உண்டா. நேரம் ஒதுக்காமல் பதவிப் பெயரை மட்டும் கொடுக்கும் இடத்தில் இரவில்தான் வேலை நடக்கும், ஒரு வருடத்தில் சலித்துவிடும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: வாரம் ஒரு நாள் நோயாளி பார்க்க அனுமதி உண்டா, பாதுகாப்புக் குறை தெரிந்தால் மென்பொருளின் ஒரு வெளியீட்டை நிறுத்திவைக்க மருத்துவருக்கு அதிகாரம் உண்டா. இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம்.