பெர்லியோசின் ஃபான்டாஸ்டிக் சிம்பொனி: பழைய கருவிகளா, இன்றைய இசைக்குழுவா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதி 1830இல் பாரிஸில் அரங்கேறிய இந்தச் சிம்பொனியை முதன்முதலாகக் கேட்க விரும்புவோர் எந்தப் பதிவை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள். பெர்லியோஸ் காலத்துக் கருவிகளையும் இன்றைய இசைக்குழுவின் கருவிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

தந்திகள்
பழையது: விலங்குக் குடலில் செய்த தந்தி. ஒலி மெலிது, சற்றே சொரசொரப்பு.
இன்றையது: எஃகுத் தந்தி அல்லது உலோகம் சுற்றிய செயற்கை இழைத் தந்தி. ஒலி பெரிது, வழவழப்பு.

பித்தளைக் கருவிகள்
பழையது: வால்வு இல்லாத ஹார்ன். ஒலி வெளிவரும் அகன்ற முனைக்குள் கையை நுழைத்துச் சுரம் மாற்றும்போது சில சுரங்கள் மங்கி, நெரிபட்டு ஒலிக்கும்.
இன்றையது: எல்லாச் சுரமும் ஒரே நிறம்.

எனக்கு இதுதான் முக்கியம். ஐந்தாம் பகுதியில் இறந்தோருக்கான திருச்சபையின் பழம்பாடல் தாழ்ந்த குரலில் எழுகிறது. அதற்கு பெர்லியோஸ் கேட்டது ஒஃபிக்ளைடு என்ற, இன்று வழக்கொழிந்த தாழ்குரல் பித்தளைக் கருவி. இன்று அந்த இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவி. டியூபா உருண்டு திரண்டு ஒலிக்கிறது. ஒஃபிக்ளைடு கரகரக்கிறது, உடன் ஒலிக்கும் பஸூன் என்ற மரக் குழல்களோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சம் அந்தக் கரகரப்பில்தான் இருக்கிறது.

வாசிப்போர் சிரமம்
பழையது: குடல் தந்தி ஈரப்பதத்தில் சுருதி பிறழும், அறுந்தும் போகும். பயின்ற கலைஞர்களும் குறைவு.
இன்றையது: எந்தப் பெரிய நகரக் குழுவும் வாசித்துவிடும்.

பெரிய அரங்கின் பின்வரிசையில் அமர்பவருக்கு இன்றைய இசைக்குழுவே பொருந்தும். இசை நடத்துநர் காலின் டேவிஸ் ஆம்ஸ்டர்டாமில் இன்றைய இசைக்குழுவோடு செய்த பதிவும் அத்தகையோருக்கு நிறைவளிக்கும். ஒவ்வொரு கருவியின் குரலையும் தனித்தனியே பிரித்துக் கேட்க நினைப்பவர், அரங்கேற்றம் நடந்த அதே பழைய கன்சர்வத்வார் இசைக்கல்லூரி அரங்கில் நடத்துநர் கார்டினர் பழைய கருவிகளோடு 1991இல் பதிவுசெய்ததை எடுக்கட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் தயங்காமல் கார்டினரையே சொல்வேன்.